நெருக்கடி நிலைக் காலத்தில் பத்திரிகைத் தணிக்கை எவ்வாறு நடந்தது?

கேள்வி:
1975-77 நெருக்கடி நிலையின்போது நாளிதழ்கள் நடைமுறையில் எவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
1975 ஜூன் 25 நள்ளிரவில் டெல்லியின் பல நாளிதழ் அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டதால், தலைவர்கள் கைதான செய்தி மறுநாள் காலையில் வாசகர்கள் பலரைச் சென்றடையவில்லை. அடுத்து முன்தணிக்கை வந்தது. அச்சுக்குப் போகும் முன்பே செய்திக்குத் தணிக்கை அதிகாரியின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டு வெளியிட்டது.

மறுமொழி 2:
தணிக்கையை மட்டும் பேசினால் போதாது. 1976இல் பிடிஐ, யுஎன்ஐ உள்ளிட்ட நான்கு செய்தி முகமைகள் ‘சமாச்சார்’ என்ற ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. பத்திரிகைகளின் சுதந்திரத்தையும் தரத்தையும் கவனிக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சிலும் கலைக்கப்பட்டது. செய்தி புறப்படும் இடமே அரசின் பிடிக்குள் வந்துவிட்டால் தணிக்கை அதிகாரிக்கு வேலையே குறைந்துவிடும் என்பதால், இதையே நான் பெரிய கேடாகக் கருதுகிறேன்.

மறுமொழி 3:
தமிழ்நாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்ட பின், கைதானவர்களின் பெயர்களை நேரடியாக வெளியிட முடியாத நிலையில், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3ஐ ஒட்டி, அவருடைய நினைவிடத்திற்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியலை முரசொலி அச்சிட்டது. சிறையில் இருப்பவர்கள் யார் என்பதை வாசகர்கள் அதைக் கொண்டே அறிந்துகொண்டனர்.