நன்னாரி சிரப்புக்கு 5% ஜிஎஸ்டி, பாட்டில் சர்பத்துக்கு 40% சரியா?

கேள்வி (மதுரை சர்பத்):
அப்பா காலத்திலிருந்து நன்னாரி சிரப் காய்ச்சி விற்கிறோம். வேரை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டிச் சீனிப்பாகில் சேர்ப்போம். வாங்குகிற கடைக்காரர் எலுமிச்சை பிழிந்து, ஐஸும் தண்ணீரும் போட்டுக் கலந்து கொடுப்பார். இப்போது அப்படியே குடிக்கிற மாதிரி 200 மில்லி சர்பத்தும், கேஸ் ஏற்றிய நன்னாரி சோடாவும் போடலாம் என்கிறான் தம்பி. ஆடிட்டரோ இரண்டுக்கும் 40% என்கிறார். சோடாவுக்குச் சரி, கேஸே இல்லாத சர்பத்துக்கு ஏன்? அதே வேர், அதே சீனிதானே? லேபிள் அச்சுக்குப் போகும் முன் தெரிய வேண்டும்.

பதில் (வரிக்கணக்கு):
ஆடிட்டர் சொன்னது சரிதான். தண்ணீர் கலந்தால்தான் குடிக்க முடியும் என்றால் அது பானம் இல்லை, உணவுத் தயாரிப்பு. எச்எஸ்என் (ஜிஎஸ்டியில் சரக்கை வகைப்படுத்தும் எண்) 2106 90. முன்பு 18%, 2025 செப்டம்பர் 22 முதல் 5%. மூடியைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்றால் 2202-க்குப் போய்விடும். அங்கே கேஸ் இல்லாத பழச்சாற்றுப் பானம், பால் கலந்த பானம் போன்ற சிலவற்றுக்குத்தான் 5%. நன்னாரி வேர், பழம் இல்லை. அதனால் ‘மற்ற மதுசாரமற்ற பானங்கள்’ வரிசையில் விழுகிறது. அது 18 ஆக இருந்து 40 ஆகிவிட்டது. சிறு தயாரிப்பாளருக்கு இது பெரிய அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். 100 ரூபாய்ச் சரக்கு சிரப்பாகப் போனால் 105, சர்பத்தாகப் போனால் 140.

பதில் (கோலிசோடா):
இன்னொன்றையும் கவனியுங்கள். இனிப்புச் சோடா தயாரித்தால் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருக்க முடியாது, 2019 அக்டோபரிலிருந்தே தடை. இனிப்பும் வாசனையும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு இப்போது 5%தான். எங்கள் பட்டறை அதில்தான் ஓடுகிறது.

மதுரை சர்பத்:
சோடாவிலேயே எலுமிச்சைச் சாறு சேர்த்துவிட்டால் பழச்சாற்றுப் பானம் ஆகாதா?

வரிக்கணக்கு:
கேஸ் இருந்தால் ஆகாது. ஆப்பி ஃபிஸ் (கேஸ் ஏற்றிய ஆப்பிள் சாற்றுப் பானம்) வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பழச்சாற்றுப் பானம் என்றே ஏற்றது. ஜிஎஸ்டிக்கு முந்தைய கேரள வாட் வரி 20% இல்லை, 12.5% என்றது. ஆனால் ஜிஎஸ்டியில் 2021 அக்டோபர் முதல் கேஸ் ஏற்றிய பழச்சாற்றுப் பானத்துக்கு 28%, அதன்மேல் 12% செஸ் (கூடுதல் வரி) என்று தனியாகவே எழுதிவிட்டார்கள். இப்போது நேராக 40. கேஸ் இல்லாத சர்பத்தில் போதுமான அளவு எலுமிச்சைச் சாறு இருந்தால் வாதாட இடம் உண்டு. அப்புறம் நோட்டீஸ் வராமலிருக்க, சென்னையில் அட்வான்ஸ் ரூலிங்குக்கு (எந்த வரி என்று முன்கூட்டியே வாங்கும் தீர்ப்பு) விண்ணப்பியுங்கள். கட்டணம் மத்திய, மாநிலச் சட்டங்களுக்குத் தலா 5,000 ரூபாய்.

மதுரை சர்பத்:
நன்றி அண்ணா. சோடாவைக் கைவிடுகிறோம். சர்பத் லேபிளை நிறுத்திவிட்டு, சாற்றின் அளவைக் குறித்து ஆடிட்டரிடம் மனு எழுதச் சொல்கிறேன்.