நொஸ்ஃபெராட்டு: இரவுக் காட்சிகளுக்கு நீலம் ஏற்றுவது எப்படி?

1922-இல் முர்னாவ் எடுத்த மௌனப் படம். சனிக்கிழமை வீட்டில் எல்லோரும் முதல்முறையாகப் பார்க்கப்போகிறோம். கையில் இருப்பது வண்ணம் ஏற்றாத கருப்பு வெள்ளைப் பிரதி, 64 நிமிடம், நொடிக்கு 24 ஃபிரேம்.

சிக்கல் இதுதான். இரவுக் காட்சிகளையும் பகலில்தான் படமாக்கினார்கள். பிரதிக்கு நீலச்சாயம் ஏற்றி இரவாக்கினார்கள். சாயம் இல்லாததால், ரத்தக்காட்டேரியான ஓர்லோக் பிரபு சவப்பெட்டியைச் சுமந்து பட்டப்பகலில் தெருவில் நடக்கிறார். வெயில் பட்டால் அழிகிறவர் அவர்! முதல்முறை பார்ப்பவருக்கு முடிவே புரியாமல் போய்விடும்.

படம் அதிவேகமாக ஓடியது சரியாகிவிட்டது: விஎல்சி பிளேயரில் 0.75 வேகம், அதாவது 18 ஃபிரேம், 85 நிமிடம். இசையை அணைத்துவிட்டேன்.

நிறத்துக்குச் செய்து பார்த்தவை: விஎல்சியில் ஹ்யூ (நிறச்சாயல்) மாற்றினால் ஒன்றும் நடக்கவில்லை, சாம்பலில் திருப்ப நிறமே கிடையாதே. செபியா ஃபில்டர் படம் முழுக்கப் பழுப்பாக்குகிறது. டிவியில் கூல் டோன் வைத்தால் மெழுகுவர்த்தி அறையும் எழுத்து அட்டைகளும் சேர்ந்தே நீலமாகின்றன. ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் மேல் டிராக்கில் நீலத் துண்டை 40% ஒளிபுகவிட்டு வைத்தேன். கருப்பெல்லாம் நீலமாக வெளிறிப் பனிமூட்டம்போல ஆனது. உண்மையான சாயத்தில் வெள்ளைதான் நீலமாகும், கருப்பு கருப்பாகவே நிற்கும்.

லேப்டாப் விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

கருப்பு வெளிறாமல், இரவுக்கு நீலம், அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு என்று காட்சிவாரியாகச் சாயம் ஏற்ற ஷாட்கட்டில் எந்த ஃபில்டரை, எந்த அமைப்பில் வைக்க வேண்டும்?