கலைச்சொல் தேவை: இகழ்ந்த பெயரையே சூடிக்கொள்ளுதல்

குழுவினருக்கு வணக்கம். சமூகமொழியியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிறர் இகழ்ந்து வைத்த பெயரை ஒரு கூட்டத்தார் தம் பெயராக்கிக்கொள்வதற்கு ஒரு சொல் வேண்டும். பாடத்தின் சான்று ஜப்பானிய ‘ஒடாகு’. ‘உங்கள் வீடு’ என்பதிலிருந்து பணிவான முன்னிலைப் பெயரானது. 1983இல் நகாமோரி அகியோ மங்கா (ஜப்பானியப் படக்கதை) ரசிகர்களைப் பழித்து எழுதியதில் ஏச்சாயிற்று. பிறகு ரசிகர்களே அதை ஏற்றுப் பெருமையாகச் சொல்லத் தொடங்கினர். ‘சொல்மீட்பு’ போதுமா?
— செ.

புறத்திணையில் பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி; வெட்சியார் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. ‘சொற்கரந்தை’ என்க. இலக்கணம் தந்த சொல் இருக்க, மொழிபெயர்ப்புச் சொல் எதற்கு?
— கோ.

> சொற்கரந்தை

ஐயா, கரந்தையில் மாடு முதலிலேயே நம்முடையது. ஏச்சு எதிரி எறிந்தது. அதைப் பிடுங்கிக்கொள்வது வெட்சிதானே? சொல்லின் பொருள் காலப்போக்கில் உயர்வதைச் சொல்லும் ‘உயர்பொருட்பேறு’ம் பொருந்தாது. கள்ளுண்ட மகிழ்ச்சியைக் குறித்த ‘களிப்பு’ யாரும் முயலாமலே உயர்ந்தது. இங்கே முயற்சி இருக்கிறது. பழைய பொருளும் சாவதில்லை. உள்ளார் சொன்னால் உறவு, வெளியார் சொன்னால் வசை. ‘வசையேற்பு’ என்பேன்.
— ந.

ரசிகர்கள் ஒருவரையொருவர் ‘ஒடாகு’ என்று விளித்ததைப் பிடித்துத்தான் நகாமோரி பெயர் வைத்தார். மாடு அவர்களுடையதே! தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கியதையும் பாருங்கள். கவர்தலும் மீட்டலும் ஒரே திணை.
— கோ.

ஒடாகுவுக்குச் சரி. பாலினச் சிறுபான்மையரைக் குறிக்கும் ‘குயர்’? ‘விசித்திரமான’ என்ற பொருளில் வெளியார் எறிந்தது. 1990இல் நியூயார்க்கில் குயர் நேஷன் இயக்கத்தார் அதையே தம் பெயரில் வைத்தார்கள். அங்கே மீட்க எதுவும் இல்லை. தமிழில் ‘பால்புதுமையர்’ என்றதும் முள் போய்விடுகிறது. அதனால் சான்றில் ‘குயர்’ என்றே அச்சிட வேண்டும்.
— ந.

குறள் 238 வசைக்கு எதிரே இசையை, அதாவது புகழை, வைக்கிறது. ‘இசையாக்கம்’ ஆகாதா?
— த.

பாட்டுக்கு மெட்டமைப்பது என்று படிப்பார்கள், தம்பி. ‘வசையேற்பு’ என்றால் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது. கரந்தையை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும். ‘வசைப்பெயர் சூடல்’ என்றால் முதலாண்டு மாணவருக்கும் புரியும். பெயர் சொந்தமாக இருந்ததா, எறியப்பட்டதா என்ற வழக்கும் எழாது.
— அ.

நால்வர் ‘சூடல்’ என்கிறார்கள். அதையே பாடத்தில் இடுகிறேன்; சொல்லடைவில் ‘சொல்மீட்பு’ம் இருக்கும்.
— செ.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். சூடல் என்றால் சூடும் பூவைச் சொல்லவேண்டும். கரந்தை பூவின் பெயர்தான்.
— கோ.