டி-ஸ்கோர் −2.1: மணிக்கட்டு முறிந்த அம்மாவுக்கு மருந்து தேவையா?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. சென்ற மாதம் குளியலறை வாசலில் கால் இடறி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையில் இடுப்பின் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) −2.1 என வந்திருக்கிறது. −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) என்று படித்தேன். அப்படியானால் கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

பதில் 1:
போதாது என்றே கருதுகிறேன். எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை அந்த −2.5 எல்லையைத் தொடாதவர்களுக்கே நேர்கின்றன, ஏனெனில் அவர்களின் எண்ணிக்கை மிக அதிகம். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருப்பதை டி-ஸ்கோருக்கு நிகரான சான்றாகக் கொள்ள வேண்டும். வயது, முந்தைய முறிவு, பெற்றோருக்கு ஏற்பட்ட இடுப்பு முறிவு, ஸ்டீராய்டு பயன்பாடு ஆகியவற்றைச் சேர்த்து அடுத்த 10 ஆண்டுகளுக்கான ஆபத்தைக் கணிக்கும் ஃபிராக்ஸ் கணக்கீட்டைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அம்மாவின் உயரம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முதுகெலும்பு முறிவு பல வேளைகளில் வெளியே தெரியாமலே நிகழ்ந்துவிடும்; உயரம் குறைவது அதன் அடையாளமாக இருக்கலாம்.

பதில் 2:
விழாமல் காப்பதும் சிகிச்சைதான். தூக்க மாத்திரை, எழுந்து நின்றதும் குறையும் இரத்த அழுத்தம், கண்புரை ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். எலும்புப்புரைக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற மருந்து ஊசியைத் தொடங்கினால், மருத்துவரைக் கேட்காமல் ஒருபோதும் நிறுத்த வேண்டாம். நிறுத்தியபின் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவைச் சுவரோடு நிறுத்தி அளந்தேன். பழைய மருத்துவ அட்டையில் உள்ளதைவிட 4 செ.மீ. குறைவு. முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்கக் கேட்கவிருக்கிறேன்.