மறு: பாக்கெட் கேப்சர் – 'பொதி கைப்பற்றல்' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை (பாக்கெட், தமிழில் பொதி) பதிவு செய்து பார்ப்பதே பாக்கெட் கேப்சர். அதற்கும் அதைச் சார்ந்த சொற்களுக்கும் தமிழில் என்ன வைப்பது என்ற பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'பொதி கைப்பற்றல்' என்றே வைத்துவிடலாம். கேட்டதும் புரிகிறது.

புரிகிறது, தப்பாகப் புரிகிறது என்பதுதான் என் சிக்கல். ஒன்றைக் கைப்பற்றினால் அது உரியவருக்குப் போய்ச் சேராது. பொதிகளைப் பதிவு செய்யும் நிரலான டிசிபிடம்ப் அப்படி எதுவும் செய்வதில்லை. பொதி தன் வழியே போகிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதற்கு ஒரு படி (நகல்) எடுத்து நம்மிடம் தருகிறது, அவ்வளவே. மறித்து நிறுத்துவது ஃபயர்வாலின் வேலை. 'இடைமறிப்பு', 'கைப்பற்றல்' இரண்டையும் அந்தப் பக்கமே விட்டுவிடலாம்.

சொல்நயத்துக்காக இதைச் சொல்லவில்லை. கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தியதும் டிசிபிடம்ப் மூன்று கணக்கு காட்டுமே, அதை முன்பு ஒரு பயிற்சிக் குறிப்பில் இப்படித் தமிழாக்கியிருந்தேன்:

412 பொதிகள் கைப்பற்றப்பட்டன
430 பொதிகள் வடிகட்டிக்கு வந்தன
18 பொதிகளைக் கெர்னல் கைவிட்டது

அந்தக் குறிப்பைப் படித்த ஒருவர், 18 பொதிகள் வழியில் தொலைந்துவிட்டன என்று எண்ணிக் கேபிளை மாற்றினார், பிறகு சுவிட்சை மாற்றினார், ஒரு நாள் போயிற்று. உண்மையில் தொலைந்தவை 18 படிகள். டிசிபிடம்ப் எடுத்துக்கொள்வதற்குள், படிகளைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர் நிரம்பிவிட்டது. கட்டளையில் சின்ன 'என்' (-n) தெரிவைக் கொடுத்து, டிசிபிடம்பைத் தாமதப்படுத்தும் பெயர் தேடலை (முகவரி எண்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பதை) நிறுத்தியிருக்கலாம். இல்லையென்றால் பெரிய 'பி' (-B) கொடுத்து பஃபரைக் கூட்டியிருக்கலாம். '18 படிகள் விடுபட்டன' என்று நான் எழுதியிருந்தால் அவர் கேபிள் பக்கமே போயிருக்க மாட்டார்.

ஆகவே என் பரிந்துரை: பொதிப் படியெடுப்பு. வினை, 'படியெடு'. படிகளைச் சேமிக்கும் பிகேப் கோப்பு, 'படிக்கோப்பு'. சேமித்த கோப்பைத் திறக்கும் 'ஆர்' தெரிவுக்கு விளக்கம் எழுதும்போது 'படிக்கோப்பைப் படி' என்று வந்து தொலைக்கும். அங்கே 'வாசி' போட்டுக்கொள்வோம்.

> ஸ்னிஃபருக்கு 'ஒற்றி' எப்படி?

பொதிகளைப் படியெடுக்கும் நிரலான ஸ்னிஃபருக்கு அழகான சொல்தான். ஒற்றியெடுத்தால் மூலம் அப்படியே இருக்கும், வேவுப் பொருளும் கூடவே வரும். அந்த வேவுதான் உறுத்துகிறது. தன் சொந்த சர்வரில் டிஎன்எஸ் (பெயரை முகவரி எண்ணாக்கும் சேவை) ஏன் பதில் தரவில்லை என்று அது பயன்படுத்தும் 53ஆம் போர்ட்டைப் பார்ப்பவர் யாரை வேவு பார்க்கிறார்? திருட்டுத்தனமாகக் கேட்பதற்கு மட்டும் 'ஒற்றல்' இருக்கட்டும். (ஒற்றி என்றால் அடமானம் என்று ஒரு பொருளும் உண்டே!)

> இரண்டு ஃபில்டருக்கும் 'வடிகட்டி' போதும்.

போதாது. படியெடுக்கும்போது வடிப்பது வேறு, எடுத்ததைக் காட்டும்போது வடிப்பது வேறு. முன்னதில் விட்டது திரும்பக் கிடைக்காது. பின்னதில் மறைந்துதான் இருக்கும், வடிகட்டியை நீக்கினால் வந்துவிடும். எழுதும் முறையும் ஒன்றில்லை: முன்னதில் 'போர்ட் 53', படிகளைத் திரையில் காட்டும் வயர்ஷார்க் நிரலின் பின்னதில் 'யுடிபி.போர்ட் == 53'. புதியவர்கள் ஒன்றை மற்றதன் பெட்டியில் தட்டிவிட்டுப் பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டுவது இதனால்தான். படியெடுப்பு வடிகட்டி, காட்சி வடிகட்டி என்று பிரித்தே ஆகவேண்டும்.

பாக்கெட்டுக்குச் 'சிப்பம்' வேண்டாம். மென்பொருள் பேக்கேஜுக்கு அதை எடுத்தாயிற்று.

'ப்ராமிஸ்குவஸ் மோட்' பாக்கி. அகராதியைத் திறந்தால் நெட்வொர்க் கார்டின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசவேண்டி வருகிறது. தன் முகவரிக்கு வராததையும் கார்டு தள்ளாமல் வாங்கிக்கொள்ளும் நிலை, அவ்வளவுதான். 'அனைத்தேற்பு நிலை' என்று குறித்து வைத்திருக்கிறேன். வாயில் புரளவில்லை; வேறு தோன்றினால் எழுதுங்கள்.