ஆட்டோகிராஸுக்கும் ஆபீஸுக்கும் ஒரே டயர் போதுமா?

நியூஜெர்சி86: பேஸ் மாடல் டொயோட்டா ஜிஆர்86 கார் வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்த மிஷ்லின் பிரைமசி (215/45ஆர்17) தேய்ந்துவிட்டது. தினமும் ஆபீஸ், மாதம் ஒரு ஞாயிறு எஸ்சிசிஏ (அமெரிக்க கார் பந்தய சங்கம்) ஆட்டோகிராஸ், அதாவது கோன் வைத்த பாதையில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் போட்டி. இதுதான் முதல் சீசன். பனிக்குத் தனி வின்டர் டயர் இருக்கிறது. மற்ற மாதங்களுக்கு ஒரே செட் போதுமா?

கோன்இடிப்பான்: தாராளமாகப் போதும். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் இல்லாவிட்டால் யோகோஹாமா ஏ052. இரண்டும் ட்ரெட்வேர் (டயரில் அச்சடிக்கும் தேய்மான எண், கூடினால் ஆயுள் அதிகம் என்று கணக்கு) 200. போட்டியின் ஸ்ட்ரீட் பிரிவில் அதற்குக் கீழே அனுமதி இல்லை. ஒரு ரன் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான், டயர் சூடாகட்டும் என்று காத்திருக்க நேரம் ஏது? முதல் திருப்பத்திலேயே பிடிக்கிற ரப்பர் வேண்டும்.

பழையரப்பர்: தலைவரே, அவர் மாதத்தில் ஒரு நாள் கோனைச் சுற்றுகிறார், மற்ற நாளெல்லாம் ஹைவேயில் போகிறார். ஏ052-ஐ தினசரி ஓட்டினால் அந்த நல்ல ரப்பரை ஆபீஸ் பாதையிலேயே தேய்த்துத் தீர்ப்பார். ட்ரெட் (தரையைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) பாதி போன பிறகு தேங்கிய மழைநீரில் அது மிதக்கும். அக்டோபர் கடைசியில் காலை 5 டிகிரியில் கல் மாதிரி இறுகிவிடும், வின்டர் டயர் அப்போது இன்னும் கராஜில் இருக்கும். கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02 பாருங்கள். ட்ரெட்வேர் 340, மழையிலும் நம்பலாம்.

கோன்இடிப்பான்: அதைப் போட்டுக்கொண்டு வந்தால் பிரிவில் கடைசி இடம் நிச்சயம். ஆயுள்தான் கவலை என்றால் ஹான்குக் ஆர்எஸ்4 வாங்கட்டும். அதுவும் 200தான்.

பழையரப்பர்: அந்த 200-ஐ நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெக்சாஸில் ஒரு குறிப்பு டயரோடு 7,200 மைல் ஓட்டி தேய்மானத்தை ஒப்பிடுவார்கள். ஆனால் டயரில் அச்சடிக்கும் எண்ணை முடிவுசெய்வது தயாரிப்பாளரே. அதனால்தான் ஆர்எஸ்4-உம் ஏ052-உம் ஒரே எண்ணோடு வந்தாலும் ஆயுளில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆர்எஸ்4 நீண்ட நாள் வரும், ஆனால் சூடாக நேரம் எடுக்கும். ஒரு நிமிடக் கணக்கை நீங்களேதானே சொன்னீர்கள்?

இன்னொன்று, முதல் சீசன்காரருக்கு கத்துகிற டயர் நல்லது. நழுவும் முன்பே சத்தம் போட்டு எச்சரிக்கும்.

கோன்இடிப்பான்: இந்த வாதத்தை எல்லா மைதானத்திலும் கேட்டாகிவிட்டது. பிடி குறைந்த டயரில் பழகினால் சீக்கிரமே பிரேக் அடிக்கப் பழகுவார். நல்ல டயர் மாற்றியதும் பிரேக் இடம், ஸ்டீயரிங் வேகம் எல்லாம் புதிதாகக் கற்க வேண்டும். ஒரு கோன் இடித்தால் 2 வினாடி அபராதம். அதையும் எந்த டயரும் சொல்லித் தராது.

பழையரப்பர்: நேரம் முக்கியமாகிவிட்டால் இரண்டாவது செட் வீல் வாங்கலாமே. இந்தக் காரின் பின் சீட்டை மடித்தால் நாலு வீலும் உள்ளே போகும்.

நியூஜெர்சி86: கராஜில் வின்டர் செட்டுக்கே இடம் திண்டாட்டம். அப்புறம் செலவு வேறு. இந்த சீசனுக்கு 340தான். முன் டயரின் வெளி ஓரம் சீக்கிரம் போகும் என்கிறார்களே, அது எதனால்?

கோன்இடிப்பான்: முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். கம்பெனி அமைப்பில் நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) மிகக் குறைவு. திருப்பத்தில் பாரம் முழுக்க வெளி ஓரத்தில் விழும். காற்று குறைந்தால் இன்னும் மோசம். பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, ரன் முடிந்ததும் எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். எழுத்து வரை அழிந்தால் காற்று ஏற்றுங்கள். 340 டயரில் நிறையவே அழியும், சாக்பீஸ் டப்பாவாக வாங்கி வையுங்கள்.