கார்பெட்டை எடுத்துவிட்டு லேமினேட்: கூலியில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கேள்வி:
ஹாலிலும் இரண்டு படுக்கையறையிலும் கார்பெட். எடுத்துவிட்டு லேமினேட் (மரம் போலத் தெரியும் தரைப் பலகை) போட இரண்டு பேரிடம் விலை கேட்டேன், ஒருவர் சொன்ன கூலி மற்றவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. பலகையும் அளவும் ஒன்றுதான், அப்புறம் எங்கே இடிக்கிறது?

பதில்:
குறைத்துச் சொன்னவர் பலகை போடுவதற்கு மட்டும் சொல்லியிருப்பார். கார்பெட்டையும் அடியில் உள்ள ஃபோமையும் எடுப்பது, சுவரோரம் கார்பெட்டைப் பிடித்திருக்கும் ஆணிப்பட்டையைப் பெயர்ப்பது, ஸ்டேப்பிள் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது (இடுப்பு ஒடிந்துவிடும்), குப்பையை அகற்றுவது, கதவின் அடியைச் சீவுவது, ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) மாட்டுவது என்று எல்லாமே தனி வேலை. பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பதில்:
தரையைச் சமப்படுத்துவதை விட்டுவிட்டீர்களே! கார்பெட் மேடுபள்ளத்தை மறைத்துவிடும், லேமினேட் மறைக்காது, நடக்கும்போது அமுங்கும், இணைப்பு விட்டுப்போகும். அடித்தரை எப்படி என்று கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு மூலையையாவது தூக்கிக் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

பதில்:
கார்பெட்டை நாங்களே எடுத்தோம். கத்தியால் பட்டை பட்டையாக வெட்டிச் சுருட்டினால் சுலபம், கையுறை மட்டும் கட்டாயம். ஆனால் பழைய வீடாக இருந்து அடியில் வினைல் டைல் தெரிந்தால் சுரண்டாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் (அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து), முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னது சரி, குறைத்துச் சொன்னவர் கார்பெட் எடுப்பதைச் சேர்க்கவே இல்லையாம். படிக்கட்டுக்கும் இதே கணக்கா?

பதில்:
இல்லை, அதற்குப் பெரும்பாலும் படிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். வெட்டு வேலை அதிகம்.